கதவுக்கு வெளியே ரோடு இல்லை

இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மே மாதத்தில், ஏற்காடு மலைப் பாதையில். கிளம்பிய இடம் எங்கள் புதுச்சேரி, உப்பளம். பி.எஸ்ஸி. பரீட்சை எழுதி முடித்துவிட்டு, ஊரில் என்னைவிடப் புத்திசாலி கிடையாது என்று நான் திடமாக நம்பிக்கொண்டிருந்த நேரம். டிரைவிங் லைசென்ஸ் வேறு புதுசாக வாங்கியிருந்தேன். கேட்க வேண்டுமா? தரையில் கால் படாமல்தான் நடந்தேன்.

முதலில் மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் தம்பி. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனவர், அங்கே சண்டை ஓய்ந்து, இங்கே பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கைமாற்றிக் கொடுத்த பிறகு பென்ஷனோடு திரும்பி வந்தார். அத்தை அத்தனை வருடமும் உப்பளத்து வீட்டிலேயே இருந்தாள். வில்லியனூர் தேர், விழுப்புரத்தில் ஒரு கல்யாணம், அதோடு அவள் பார்த்த உலகம் முடிந்தது. வந்ததும் உன்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மாமா ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவாராம். வந்தார். கூப்பிட்டார். அத்தை சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்.

"மல இன்னா, சொர்க்கமே வேணாலும் வரேன். ஆனா அடுத்தவன் படுத்த பாயில படுக்க மாட்டேன், அடுத்தவன் ஆக்குன சோத்தத் துன்ன மாட்டேன்."

இதற்கு மாமா கண்டுபிடித்த வழிதான் கரவான். ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சு எஞ்சினியரிடம் ஒரு சின்ன பிக்கப்பும், அதற்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற அந்த கரவானும் சேர்ந்தே கிடைத்தன. கரவான் என்றால் வேறொன்றுமில்லை, இரண்டு சக்கரம் வைத்த ஒரு குட்டி வீடு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், அடுப்பு மூட்டலாம். முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல். அத்தை ஒரு முறை ஏறிப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து மூடினாள். "நம்ம ஊட்டையே இஸ்துக்கினு போறதுன்னா சரி" என்று சம்மதித்துவிட்டாள். வீட்டை இழுத்துப் போவது என்றால் அவள் நிஜமாகவே இழுத்துப் போனாள். அம்மிக்கல்லையும் குழவியையும் நாலு ஆள் பிடித்து ஏற்றி, பின் ஜன்னலுக்குக் கீழே வைத்தோம்.

இந்த இரண்டு வண்டியிலும் ஒரு கோளாறு உண்டு. கோளாறு என்றால் வண்டியின் தப்பு இல்லை, ஊர் மாறி வந்த தப்பு. பிரான்ஸில் ரோட்டின் வலது பக்கமாகப் போவார்கள். அதனால் பிக்கப்பில் ஸ்டியரிங் இடது பக்கம். கரவானில் கதவு வலது பக்கம், பின் மூலையை ஒட்டி. நம் ரோட்டில் ஒரு லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் ஓட்டுகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர் தலையை நீட்டிப் பார்த்து "போ" என்று சொல்ல வேண்டும். அந்த உத்தியோகம் மாமாவுக்கு. அத்தையோ வழியில் நிறுத்திச் சமைத்துவிட்டு கரவானிலிருந்து எங்கே இறங்கினாலும் நடு ரோட்டில்தான் இறங்குவாள். விழுப்புரத்தில் ஒரு ஜட்கா வண்டிக்காரன் குதிரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

மாமாவுக்கு ஓட்டத் தெரியும். ஆனால் கிளட்ச் மிதிக்கிற காலில் பழைய காயம். கொஞ்ச தூரம் ஓட்டினாலே வலி எடுத்துவிடும். அதனால் டிரைவர் நான்தான். கிளம்புவதற்கு முதல் நாள் மாமா கேட்டார்.

"மாப்ள, மல ரோட்ல ஓட்டி இருக்கியாடா?"

"இன்னா மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? ஊட்டிக்கே ஓட்டி இருக்கேன். ஒத்த கையில."

சுத்தப் புளுகு. ஊட்டிக்கு நான் போனது காலேஜ் டூரில், பஸ்ஸில், கடைசி சீட்டில், தலையை வெளியே தொங்கப் போட்டு வாந்தி எடுத்துக்கொண்டு. எனக்குத் தெரிந்த ஒரே மேடு கோரிமேடு. புதுச்சேரிக்காரர்களுக்கு அது தெரியும். திண்டிவனம் ரோட்டில் ஊருக்கு வெளியே இருக்கிற செம்மண் மேடு. அங்கிருந்து ஊருக்குள் இறங்கும்போது எங்களூர் டிரைவர்கள் எல்லாரும் ஒரு காரியம் செய்வார்கள். உச்சியிலேயே நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். வண்டி தானாக, சத்தமே இல்லாமல், காற்று வாங்கிக்கொண்டு இறங்கும். யார் வண்டி அதிக தூரம் உருண்டது என்று பந்தயம் கூட உண்டு. பெட்ரோல் மிச்சம் பிடிக்கத் தெரிந்தவன்தான் எங்களூரில் நல்ல டிரைவர்.

ஏறியது தனிக் கதை. கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம் வரை ராஜ பவனி. மலை தொடங்கியதும் பிக்கப் கழுதை மாதிரி முரண்டு பிடித்தது. ஃபர்ஸ்ட் கியரைத் தவிர வேறு எதற்கும் அசையவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ரேடியேட்டர் பொங்கி, ஆவி விட்டு, நின்று, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பியது. பாரம் குறையட்டும் என்று மாமாவும் அத்தையும் இறங்கி நடந்தார்கள். வண்டி நிற்கும்போதெல்லாம் மாமா நொண்டிக்கொண்டே வந்து கரவான் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைப்பார். கிளம்பும்போது எடுப்பார். அத்தை குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நடந்து போகிற அத்தையை என்னால் பிடிக்க முடியவில்லை.

"ஊட்டிக்கும் இப்படித்தான் போனியாடா?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"ஊட்டியில அம்மி இல்ல அத்த" என்றேன். வாய்க்கு மட்டும் குறைச்சல் கிடையாது.

மேலே போய்ச் சேர்ந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த பத்து நாளை இப்போது நினைத்தாலும் குளுகுளுவென்று இருக்கிறது. ஏரிக்குப் பக்கத்தில், தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்து ஓரமாக கரவானை நிறுத்திக்கொண்டோம். முதல் நாள் காலையில் அத்தை கதவைத் திறந்தவள், "ஐயோ, யாரோ பச்ச வெறகப் போட்டு எரிக்கிறாங்க, பொக மண்டுது" என்று கத்தினாள். அது மேகம். மாமா சொல்லியும் நம்பாமல் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். கை ஈரமானதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கும் கொஞ்சம் இங்கிதம் உண்டு.

அப்புறம் தினமும் பலாப்பழம், கருவாட்டுக் குழம்பு, மத்தியானத் தூக்கம். சக்கர வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் கூட்டம். அத்தை ஒவ்வொருவரையும் உள்ளே கூட்டிப்போய் அலமாரியைத் திறந்து காட்டுவாள். நான் அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பேன். அதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. "அத்த, கதவத் திறக்காதீங்க, வெளிய கரடி நிக்குது" என்பேன். பயந்துபோய் உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் கரடி, ஒரு நாள் பாம்பு, ஒரு நாள் கலெக்டர். நாலாவது நாளிலிருந்து நான் என்ன சொன்னாலும், "போடா புளுகினி" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டாள்.

இறங்குகிற நாள் வந்தது. வண்டி போகும்போது கரவானுக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று அந்த எஞ்சினியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வரும்போது அத்தை எங்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்து வந்தாள். அன்றைக்கு மட்டும் அடம் பிடித்தாள்.

"பின்னாடி ஜன்னலாண்ட உக்காந்து மலையப் பாத்துக்கினே வரேன். இன்னொரு வாட்டி எங்க வரப் போறேன்?"

மாமா கூடாது என்றார். நான் குறுக்கே விழுந்தேன். "அட, உடுங்க மாமா. எறக்கம்தானே? பூ மாதிரி எறக்கிடறேன். நான் இருக்கேன்ல?"

அந்த "நான் இருக்கேன்ல" என்பதை இப்போது எழுதும்போதே கூசுகிறது. அத்தை சந்தோஷமாக ஏறி, அம்மிக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

முதல் இரண்டு மூன்று வளைவு எஞ்சினோடுதான் இறங்கினோம். ஏறும்போது அத்தனை பாடு படுத்திய ரோடு இப்போது தானாக வழுக்கிக்கொண்டு போனது. எஞ்சின் தண்டத்துக்கு ஓடுகிறது என்று எனக்குத் தோன்றியது. மாமாவைப் பார்த்தேன். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் போல.

"நிறுத்திடவா மாமா?"

"நிறுத்துடா. கோரிமேடு மாதிரியே இல்ல?"

நியூட்ரலில் போட்டேன். சாவியைத் திருப்பினேன். சட்டென்று ஒரு அமைதி. பறவைச் சத்தம் கேட்டது. மாமா சீட்டில் சாய்ந்துகொண்டார். நான் ஒரு கையை வெளியே போட்டுக்கொண்டேன். அந்த அரை நிமிஷம் உலகத்திலேயே சிறந்த டிரைவர் நான்தான்.

கோரிமேட்டில் என் வண்டிக்குப் பின்னால் வீடு கிடையாது. அது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கரவானுக்குத் தனியாக பிரேக் இல்லை. பிக்கப் நிற்கப் பார்த்தால் அது பின்னாலிருந்து முட்டும். ஒரு வளைவில் பிரேக்கை அழுத்தினேன், குறைந்தது. அடுத்த வளைவில் இன்னும் பலமாக அழுத்தினேன், கொஞ்சம்தான் குறைந்தது. ஏதோ கருகுகிற வாடை வந்தது. "அத்த உள்ள எதையாவது அடுப்புல வெச்சிருக்காங்களா?" என்று கேட்டேன். கருகியது பிரேக் என்றுகூடத் தெரியாத லட்சணம்.

"டேய், தூஸ்மான்" என்றார் மாமா. மெதுவாக என்பதற்கு அவருடைய பிரெஞ்சு வார்த்தை. "தூஸ்மான், தூஸ்மான்" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை அலறினார்.

பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. தரை வரைக்கும் போனது. வேகம் ஏறிக்கொண்டே இருந்தது. கியர் போடப் பார்த்தேன். கரகரவென்று பல்லைக் கடித்ததே தவிர விழவில்லை. கைப்பிரேக்கை மாமா இரண்டு கையாலும் இழுத்தார். பிரயோஜனம் இல்லை. எனக்கு இடது பக்கம் மலை. மாமாவின் பக்கம் பள்ளம். எதிரே அடுத்த கொண்டை ஊசி தெரிந்தது. அந்த வேகத்தில் அதில் திரும்ப முடியாது என்று பிஸிக்ஸ் படித்த எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், மலை ஓரமாக, ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. பெரிய சரளைக் குவியல். கூடையோடு பெண்கள். அவர்களில் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், எங்கள் வண்டி வருகிற வரத்தைப் பார்த்தாள். கூடையை வீசி எறிந்துவிட்டு மற்றவர்களை ஒதுக்கித் தள்ளினாள். இரண்டு கையாலும் குவியலைக் காட்டிக் கத்தினாள்.

"இதுல ஏத்து! இதுல ஏத்துடா!"

ஏற்றினேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. அவள் கை காட்டிய பக்கம் என் கை திரும்பியது. பிக்கப்பின் மூக்கு சரளைக்குள் புதைந்து, என் நெஞ்சு ஸ்டியரிங்கில் இடித்து, வண்டி நின்றது. பின்னால் வந்த கரவான் நிற்கவில்லை. கொக்கியைப் பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் சுழன்று, ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி, பள்ளத்து ஓரத்துக் கல்லில் ஒரு சக்கரம் முட்டி நின்றது.

இறங்கிப் பார்த்தேன். கரவானின் முன்பக்கம் பிக்கப்போடு இருந்தது. வலது பின் மூலை ரோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவு அந்த மூலையில்தான் இருந்தது. படி அந்தரத்தில் தொங்கியது. கீழே எத்தனை ஆழம் என்று நான் பார்க்கவில்லை. மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. உள்ளே அத்தை. அதே மூலையில் அம்மிக்கல்.

அத்தை உயிரோடு இருக்கிறாள் என்பது உடனே தெரிந்துவிட்டது. உள்ளேயிருந்து திட்டு வந்தது.

"பூ மாதிரி எறக்கறானாம், பூ! கொழம்புச் சட்டி ஒடஞ்சிபோச்சிடா பாவி! இரு, வந்து வெச்சிக்கறேன்!"

அவள் எழுந்து கதவுப் பக்கம் ஓர் அடி வைத்திருப்பாள். பிக்கப்பின் பின் சக்கரங்கள் தரையைவிட்டு மெல்ல எழும்பின. கண்ணால் பார்த்தேன். கரவான் முனகியது. ஓரத்துக் கல்லிலிருந்து மண் சரிந்தது.

"அத்த, கதவத் திறக்காதீங்க!" என்று கத்தினேன்.

"ஆமாண்டா, கரடி நிக்குது. போடா புளுகினி."

பத்து நாளாக நானே சொல்லிக்கொடுத்த பதில் அது.

நான் அப்படியே நின்றுகொண்டிருந்தபோது, கூடை எறிந்த அந்தப் பெண் என்னைத் தாண்டி ஓடினாள். கரவானுக்கும் பிக்கப்புக்கும் நடுவில் இரும்புச் சட்டம் இருக்கிறதே, கொக்கி மாட்டுகிற சட்டம், அதன்மேல் ஏறித் தொப்பென்று உட்கார்ந்தாள். "வாங்கடி!" என்றாள். மற்ற பெண்களும் ஓடிவந்தார்கள். சட்டத்தில் மூன்று பேர், பிக்கப்பின் பின் பக்கத்தில் நான்கு பேர். அவர்களோடு மாமாவும் நொண்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். எழும்பியிருந்த சக்கரங்கள் திரும்பத் தரையைத் தொட்டன.

கரவான் விழுந்தால் சட்டத்தில் இருப்பவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் விழும். அது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ரோட்டு வேலை செய்கிறவர்கள், வண்டிகள் கவிழ்வதைப் பார்த்தவர்கள். ஒருத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் இறங்கவில்லை.

நானும் உட்காரப் போனேன். கூடை எறிந்தவள் அதட்டினாள்.

"நீ எதுக்கு இங்க? எங்க குரலு அந்தம்மாவுக்குத் தெரியுமா? நீ போயி முன்னால ஜன்னல்ல கூப்புடு. இந்தப் பக்கமா வரச் சொல்லு."

முன் ஜன்னலுக்குப் போனேன். கண்ணாடி வழியாக அத்தை தெரிந்தாள். புடவையெல்லாம் குழம்பு. கை கதவின் பிடியில்.

"அத்த, கதவு பக்கம் ரோடு இல்ல. பள்ளம். சத்தியமா சொல்றேன்."

"உன் சத்தியத்த நான் பத்து நாளாப் பாக்கறேன்டா."

அவள் அந்தப் பிடியைத் திருப்புவதற்குள் அவளை நம்ப வைக்க வேண்டும். என்ன சொன்னால் நம்புவாள்? காலேஜில் பேச்சுப் போட்டியில் கப் வாங்கியவன் நான். கடைசியில் வாயில் வந்தது நான் யோசித்துச் சொன்னதே இல்லை.

"அத்த, நான் ஊட்டிக்கு வண்டி ஓட்டவே இல்ல. பஸ்ல போனேன். வாந்தி எடுத்துக்கினே போனேன். எனக்கு மலையில ஓட்டத் தெரியாது. எஞ்சின நிறுத்திட்டேன். என் தப்புதான் அத்த. எல்லாம் என் தப்பு."

அத்தையின் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். ஐந்து வயதிலிருந்து என்னைத் தெரிந்தவள் அவள். மாங்காய் திருடி, கையில் மாங்காயோடு பிடிபட்டபோதும் நான் இல்லையென்று சாதித்தவன். என் வாயிலிருந்து "என் தப்பு" என்ற சொல் வந்து அவள் கேட்டதே கிடையாது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இன்னா செய்யணும், சொல்லு" என்றாள். குரல் மாறியிருந்தது.

"குனிஞ்சி, மெதுவா, என் பக்கம் வாங்க. ஜன்னல் வழியா எறங்கணும்."

"அம்மி?"

"அம்மி கெடக்கட்டும் அத்த!"

தவழ்ந்து வந்தாள். அவள் முன்னால் வர வர, சட்டத்தில் இருந்த பெண்கள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. ஜன்னல் கண்ணாடியை மேலே தூக்கிப் பிடித்தேன். தலை வந்தது, தோள் வந்தது. இடுப்பு மாட்டிக்கொண்டது. அத்தை கொஞ்சம் ஆஜானுபாகு. சட்டத்தில் இருந்த அந்தக் கூடைக்காரப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அவள் அக்குளில் கொடுத்துப் பிடித்தாள்.

"மூச்ச வுடுங்க அக்கா. அப்புடித்தான். நான் புள்ள பெத்தப்ப கூட இம்புட்டு நேரம் ஆவல."

இத்தனைக்கு நடுவிலும் யாரோ சிரித்தார்கள். அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் வயிறு ஒடுங்கி, சடாரென்று வெளியே வந்து அந்தப் பெண்ணின் மடியிலேயே விழுந்தாள்.

ரோட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் அத்தை திரும்பிப் பார்த்தாள். தான் திறக்க இருந்த கதவைப் பார்த்தாள். அந்தரத்தில் தொங்குகிற படியைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நோகிற மாதிரி பிடித்தாள். எனக்கு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் தேவலை.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அத்தையின் பாரம் குறைந்ததும் கரவான் அசையாமல்தான் இருந்தது. அப்புறம் மேலே ஏறி வந்த ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி அதை ரோட்டுக்கு இழுத்துக் கொடுத்தார். என்ன நடந்தது என்று கேட்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினோம் என்று சொன்னேன். அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"ஏறும்போது எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்லதான் எறங்கணும். இதுகூடத் தெரியாதா? எந்த ஊரு?"

"பாண்டிச்சேரி."

"அங்க மலையே கெடையாதே" என்றார், அதுவே விளக்கம் என்பது போல.

கூடைக்காரப் பெண் விடவில்லை. "மாட்டு வண்டிக்காரனே சக்கரத்துல கட்டையக் குடுத்துத்தான் எறக்குவான். நீ என்ன படிச்சிருக்க?" என்று கேட்டாள். பி.எஸ்ஸி. என்று சொல்ல நாக்கு எழவில்லை. "இன்னும் ரிசல்ட் வரல" என்றேன். அது உண்மைதான்.

மாமாவிடம் போனேன். மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையை ஆட்டிவிட்டார். "நீ பொய் சொன்ன, சரி. நான் இன்னா செஞ்சேன்? நிறுத்துடான்னு சொன்னது யாரு? சைகோன்ல எத்தினி மல ஏறி எறங்கி இருக்கேன், எல்லாம் லாரிக்குப் பின்னால தூங்கிக்கினு. டிரைவர் இன்னா செஞ்சான்னு ஒரு நாளாவது பாத்தேனா?" என்றார். பாதிப் பழியை அவர் எடுத்துக்கொண்டார். எனக்கு அது ஆறுதலாக இல்லை, ஆனாலும் அவர் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்த மாதிரி இருந்தது.

பிரேக் ஆறும்வரை நகரக் கூடாது என்று லாரிக்காரர் சொல்லியிருந்தார். அதனால் எல்லாரும் அந்த சரளைக் குவியலிலேயே உட்கார்ந்தோம். சாப்பாடு எடுக்க அத்தை முன் ஜன்னல் வழியாக என்னை உள்ளே அனுப்ப இருந்தாள், அப்புறம் இப்போது கதவுக்கு வெளியே ரோடு இருக்கிறது என்று ஞாபகம் வந்து சிரித்தாள். கட்டுச்சோறு மூட்டை நசுங்காமல் தப்பித்திருந்தது. புளிச்சோறும் வறுத்த கருவாடும். அவள் கையால் எடுத்து எடுத்து அந்த ஏழு பெண்களுக்கும் வைத்தாள். அவர்கள் தூக்குச் சட்டியில் இருந்த களியை, அடுத்தவர் ஆக்கியதைச் சாப்பிடமாட்டேன் என்ற அத்தை, கேட்டு வாங்கி, விரலை நக்கிச் சாப்பிட்டாள். கருவாடு நன்றாயிருக்கிறது என்று அவர்கள் சொன்னதும் சாப்பாடு முடிகிற வரைக்கும் அதை எப்படிச் செய்வது என்று பாடம் நடந்தது.

சாப்பிட்டு முடித்து, கை கழுவி, சும்மாட்டை உதறித் தலையில் வைத்துக்கொண்டபோது அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

"ஆமா, உள்ள இருந்தது யாரு? உங்கம்மாவா?"

"இல்ல, அத்த. மாமா சம்சாரம்."

"ஓ" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நாங்கள் ஃபர்ஸ்ட் கியரில், அத்தையை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, நத்தை மாதிரி இறங்கி ஊர் வந்து சேர்ந்தோம். ரிசல்ட் வந்தது, பாஸ் செய்தேன், வேலையிலும் சேர்ந்துவிட்டேன். இப்போதும் வாய் ஓயவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் யாராவது உதவி என்று வந்து நின்றால், யார், என்ன, எந்த ஊர் என்று விசாரிக்க என் வாய் திறக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி ஞாபகம் வந்து வாயை மூடிவிடுகிறது. உள்ளே இருப்பது யார் என்று தெரியாமலே தங்கள் உயிரின் பாரத்தை அந்த இரும்புச் சட்டத்தில் வைத்தார்கள் அவர்கள். யாரென்று கேட்டது சாப்பிட்டு முடித்த பிறகுதான்.